ஆளிப்பூ நீலம்

முசரவாக்கத்து மணியம்மாளுக்கு எப்போதும் பொறுமை குறைவு. அறுபத்தொன்பதாம் வருஷம் கிணற்றுமேட்டில் ஆளிவிதை போட்ட பிறகு, இருந்த கொஞ்சமும் போயிற்று.

நுகத்தடி அழுத்தி ஏர்மாட்டின் கழுத்தில் கட்டி வந்திருந்தது. காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை வாங்கிவந்து அரைத்து, களியாகக் கிண்டி, இளஞ்சூட்டில் வைத்துக் கட்டினாள். கட்டி உடைந்து ஆறியது. மீந்த விதையை மழை ஓய்ந்ததும் தூவிவிட்டாள்.

"கடலை போடுற எடத்துல இன்னாத்தையோ தூவி வச்சிக்கிறியே!" என்று புருஷன் அப்பாதுரை முனகினான்.

தை பிறந்ததும் பூத்தது. நூலாக மெலிந்த தண்டுகள், நுனியில் ஐந்து இதழ் நீலம். காலையில் காற்றடித்தால் மேடு முழுக்க நீலம் புரளும். உச்சிக்குள் அத்தனையும் உதிர்ந்துவிடும். மறுநாள் வேறு பூ.

அந்த அழகுதான் அவளுக்குத் தொல்லை. போகிற பெண்களெல்லாம் பறித்துத் தலையில் வைத்தார்கள்; திரும்பும்போது குறையும் சொன்னார்கள்.

"இன்னாக்கா, ஒம் பூ பஸ் ஏறதுக்குள்ள கொட்டிப்போச்சி!"

"தலைக்கு வைக்கவா போட்டேன்? வெதைக்குப் போட்டேன்! போங்கடி அந்தாண்ட!"

அடுத்து வந்தவர் பெரிய காஞ்சிபுரத்து நெசவாளி வீரபாகு. பஸ்ஸிலிருந்து அந்த நீலத்தைப் பார்த்துவிட்டார். மகள் இந்திராணிக்குத் தான் நெய்யும் முகூர்த்தப் புடவையில், கரையும் முந்தானையும் போக உடல் பகுதிக்கு அந்த நிறம்தான் என்று பிடிவாதம். ஈரத்துணியில் பொதிந்து கொண்டுபோன பூ, சாயப்பட்டறையில் பிரித்தால் வெறும் காம்பு. மறுபடி வந்தார், உச்சிவெயிலில்.

"காலையில வாயான்னா மத்தியானம் வந்து நிக்கிறியே!"

"தறியில ஒக்காந்தா நேரம் தெரியலமா."

"பூவை எடுத்துக்கினு போவாதே. பட்டு நூலை இங்க கொண்டா!"

மறுநாள் விடியும்போதே சாயக்காரர் தர்மனோடு வந்தார். நீல நூல் கண்டுகளைப் பூவோடு வைத்து ஒப்பிட்டு இருவரும் சண்டை போட்டார்கள்.

"இதுல ஊதா கலந்துக்கிதுபா," என்றார் தர்மன்.

"ஊதாவா? கண்ணத் தொறந்து பாரு!"

வெயில் ஏற ஏறப் பூவின் நிறமும் மாறியது. சண்டை மும்முரத்தில் செடிகளை மிதித்தார்கள். மணியம்மாள் துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"யோவ், காலுக்குக் கீழ பாருங்கய்யா! மாசியில வந்து நீங்களே புடுங்கிக் குடுக்கணும், ஆமா!"

இதழ் உதிரத் தொடங்கியதும் வேறு வழியில்லாமல் வெளிறிய கண்டு ஒன்றில் ஒத்துப்போனார்கள்.

வீரபாகு மாசியில் வந்து முற்றிய செடிகளை வேரோடு பிடுங்கிக் கொடுக்கவும் செய்தார். விதை தட்டி எடுத்த தண்டை நார் உரிக்க அப்பாதுரை குளத்தில் ஊறப்போட, தெருவே நாறியது. அதற்கும் அவள்தான் ஏச்சு வாங்கினாள். அந்த நாரில் அவன் திரித்த கயிறு மட்டும் கன்று எத்தனை இழுத்தும் அறுந்துபோகவில்லை.

வைகாசிக் கல்யாணத்தில் இந்திராணி மணியம்மாளின் காலில் விழுந்தாள். அவள் அந்த நீலப் புடவையின் மடிப்பைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். மெல்லத் தடவிவிட்டாள்.

"எழுந்திரு, எழுந்திரு. பட்டு கசங்குது பாரு!" என்று அதட்டினாள்.

அந்த வருஷ மழை ஓய்ந்ததும் அவள் கேட்காமலே அப்பாதுரை ஆளிக்கென்று கிணற்றுமேட்டைக் கொத்திவிட்டான். ஆழமாகக் கொத்திவிட்டானென்று அதற்கும் திட்டு விழுந்தது.