மாதக்கணக்கில் தீராத சொட்டு மருந்து

ஃபிரிட்ஜ் கதவின் முட்டைத் தட்டில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சொட்டு மருந்துப் புட்டி. ஊரப்பாக்கத்து வீட்டில் அது அக்காவுடையது. திறந்த தேதியை அதன் அட்டைப்பெட்டியில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள், விடைத்தாள் திருத்தும் அதே பேனாவால். திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டிய மருந்து. நான் கையில் எடுத்தபோது அந்தத் தேதிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே பாதிக்கு மேல் மருந்தும் இருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம்தான் வருகிறது.

அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் தேங்கி, பார்வை நரம்பை நசுக்குகிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினமும் ஒரு சொட்டு விட வேண்டும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா செய்த முதல் காரியம், சாம்பாரில் உப்பைக் குறைத்தது. "பிரஷர்னா பிரஷர்தானேடா" என்றாள். அது வேறு, இது வேறு என்று கத்தினேன். உப்பில்லாத சாம்பாரை ஒரு வாரம் சாப்பிட்ட கடுப்பும் அதில் சேர்ந்திருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் அழுத்தம் சரியாகவே இருந்தது. சீட்டைத் தூக்கிக் காட்டி, "பாத்தியாடா, பாஸ்" என்பாள். ஆனால் நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போனது. மருந்தை மாற்றலாமா, அறுவை சிகிச்சை செய்யலாமா என்று டாக்டரம்மா மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தார்.

குட்டு வெளிப்பட்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால். பரீட்சையில் காப்பி அடிப்பவர்களைப் பிடிப்பதில் அக்காவுக்கு ஈடு கிடையாது. அந்த அரையாண்டுத் தேர்வில், அவளுக்கு இடப்பக்கம் இருந்த வரிசை முழுவதும் புத்தகத்தை மடியில் விரித்து வைத்து எழுதியிருக்கிறது. இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்த அவளுக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியை என்னை வரவழைத்து, "உங்க அக்காவுக்கு அந்தப் பக்கம் பார்வை இல்ல சார். பசங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. வீட்ல இருக்கற உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அன்று சாயங்காலம்தான் முட்டைத் தட்டைத் துழாவினேன்.

"செக்கப்புக்கு ஒரு வாரம் முன்னாடி ஒழுங்கா போட்டுக்கறேன்டா" என்றாள் அக்கா. "வலியே இல்லை. தினம் போட்டா கண்ணு சிவக்குது, பசங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிற பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவள் சொல்கிற பேச்சா இது! கண்ணைத் தொலைத்துவிட்டு மார்க் வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் அழுதாள். நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னை வெளியே கூட்டிப் போனார்.

அதன்பிறகு அக்கா ஒரு நாளும் தவறவில்லை. மிச்சமிருந்ததில் பெரும்பகுதி தப்பியது. இடப்பக்கம் போனது போனதுதான். ரோட்டில் நடக்கும்போது இன்றும் நான் அவளுக்கு அந்தப் பக்கமாகவே வருவேன். கூடப் பிறந்தவர்களுக்கும் இது வரலாம், சோதித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். நான் போகப் பல வருடங்கள் ஆயின. இப்போது மாடம்பாக்கத்தில் என் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒரு புட்டி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்திருந்தாள். நேராக ஃபிரிட்ஜைத் திறந்து, முட்டைத் தட்டைத் தடவி அட்டைப்பெட்டியை எடுத்தாள். சின்ன எழுத்து இப்போது அவளுக்குப் பிடிபடுவதில்லை. என்னிடம் நீட்டி, "எப்போடா திறந்தே?" என்றாள்.

என் கையெழுத்தில் இருந்த தேதிக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"போன வாரம்கா" என்றேன்.

"சமத்து" என்று சொல்லி, பெட்டியை வாங்கி இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாள்.