எல்.எல்.ஆர். செல்லாது

வேன் சாவி

சின்னமனூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு நூல் மில்லில் நான் வேன் டிரைவர். மில்லின் பெயர் வேண்டாம். என் ஊர் பண்ணைப்புரம். வேன் என் வீட்டுப் பக்கத்திலேயே நிற்கும். இருட்டோடு எடுத்து, பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் என்று முதல் ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆறு மணிச் சங்கு ஊதுவதற்குள் மில்லில் இறக்கிவிட வேண்டும். பல வருஷம் இதுதான் வேலை. ஒருநாள்கூட சங்குக்குப் பிறகு நான் போய் நின்றதில்லை.

ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இருபது வயதாவது சின்னவர். மரியாதையாகத்தான் பேசுவார்.

"பெருமாள், நாளையிலிருந்து வேன் வேண்டாங்க. டீசலுக்குக் கட்டுபடியாகறதில்ல. இப்பத்தான் வீட்டுக்கு வீடு வண்டி இருக்குதுங்களே, அதுல வந்துக்கட்டும்."

"அந்நேரத்துக்கு பஸ் கிடையாதே சார். பொம்பளப் பிள்ளைக எப்படி வரும்?"

"அவங்க பார்த்துக்குவாங்க. உங்களை கேட்ல போட்டுக்கறோம். சாவியை வெச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் செக்யூரிட்டி சட்டை கொடுத்தார்கள். தோளில் பிடித்தது.

போர்டு

வேன் நின்றதும் ஆளாளுக்கு ஒரு வழி தேடினார்கள். அண்ணன் தம்பி கொண்டுவந்து விட்டார்கள். சிலர் ஷேர் ஆட்டோ பேசிக்கொண்டார்கள். சிலர் வீட்டிலிருந்த வண்டியை லைசென்ஸ் இல்லாமலே எடுத்து வந்தார்கள். அப்படி வந்த மில் பையன் ஒருவன் பக்கத்து வளைவில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். போலீஸ் மில்லுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போனது.

அந்த வாரமே கேட்டில் ஒரு போர்டு மாட்டினார்கள். ஒரிஜினல் டிரைவிங் லைசென்ஸ் இல்லாதவர்களின் வாகனம் உள்ளே அனுமதிக்கப்பட மாட்டாது என்று இருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், 'எல்.எல்.ஆர். செல்லாது'.

முதல் வரியோடு எனக்குச் சண்டை இல்லை. நான் ஹெவி லைசென்ஸ் எடுத்து, பேட்ஜ் வாங்கி ஓட்டியவன். லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுப்பது எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. இரண்டாவது வரிதான் உறுத்தியது. புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பதினெட்டு முடிந்தவர் விண்ணப்பித்து, கம்ப்யூட்டரில் கேட்கிற ரோடு சிக்னல் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் எல்.எல்.ஆர். தருவார்கள். அது பழகுவதற்கான அனுமதி. வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்ட வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆள் கூட இருந்து பழக்க வேண்டும். முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். நல்ல சட்டம். அந்த முப்பது நாள் உயிருக்காக வைத்தது.

மில்லில் அந்த முப்பது நாளை வேறு காரியத்துக்கு வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செல்வராணி

செல்வராணி எங்கள் ஊர்ப் பெண். பத்தொன்பது வயது. ஸ்பின்னிங்கில் சைடர், அதாவது மெஷின் ஓரமாகவே நடந்து அறுந்த இழையை ஒட்டுகிற வேலை. கை வேகமான பெண் என்று சூப்பர்வைசரே சொல்வார். அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். ட்ரெய்னியாகச் சேர்ந்து, பெர்மனென்ட் ஆவதற்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம்தான் பாக்கி.

வேன் நின்றதும் அவள் தாய்மாமன் தன் பழைய ஸ்கூட்டியைக் கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே மில்லுக்கு வரவில்லை. சில நாள் லீவு சொல்லிவிட்டு எல்.எல்.ஆர். போட்டாள். 'எல்' ஒட்டினாள். மாமன் கூட இருந்து சாயங்காலங்களில் பழக்கினார். அதற்குப் பிறகுதான் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, எல்.எல்.ஆர். செல்லாதுன்னு போர்டு போட்டுருக்காகளாமே. நெசமா?"

"தனியா வந்தா செல்லாது ஆத்தா."

"மாமா காலையில வர மாட்டாருண்ணே. அவருக்குத் தோட்டத்துக்குத் தண்ணி பாச்சணும்."

என் வண்டியை வீட்டில் போட்டுவிட்டு நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து போவது என்று முடிவு செய்தேன். எனக்கும் அதே ஷிப்ட், அதே கேட். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. பேச்சியம்மாள் மட்டும் ஒரு தடவை கேட்டார்.

"கூடப் போறீகளா டிரைவரண்ணே? ஊரு எதையாச்சும் பேசுமே."

"பேசட்டும்மா. பிள்ளைக்கு வேல முக்கியம்."

மறுநாள் கிளம்பினோம். கோம்பை தாண்டியதும் முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் ஒரு சின்ன விளக்குகூட இல்லாமல், வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வேகத்தைக் குறைத்து, எதிரே வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து, ஹாரன் அடித்துவிட்டு ஏறினாள். அதற்கப்புறம் வழி முழுக்க நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. உத்தமபாளையத்தில் டீக்கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. வருஷக்கணக்கில் ஸ்டியரிங் பிடித்துப் போன ரோட்டில் முதல் தடவையாகச் சும்மா உட்கார்ந்து போனேன்.

ஒரு வாரம் அப்படிப் போனோம். வண்டியை வெளியே டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போவாள். அதுவும் எச்.ஆர். காதுக்குப் போயிற்று. என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க செக்யூரிட்டிங்களா, டிரைவிங் ஸ்கூல் நடத்தறீங்களா?"

"சார், லைசென்ஸ் உள்ள ஆள் கூட இருந்தா எல்.எல்.ஆர்.ல ஓட்டலாம். ஆர்.டி.ஓ. ரூல்தான்."

"அது ரோட்டுக்குங்க. இங்க நம்ம ரூல்."

"வண்டிய உள்ள கொண்டுவரலையே சார். வெளிய நிறுத்திட்டு நடந்துதான வருது."

"வர்ற வழில அடிபட்டா போலீஸ் யாரைக் கேக்கும்? என்னைத்தானுங்களே?"

"அப்ப எட்டரைக்கு வர்ற ஷிப்ட்ல போடுங்க சார். அந்நேரம் பஸ் இருக்கு."

"அது ஸ்டாஃபுக்குங்க." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "லைசென்ஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஒரு மாசந்தானுங்களே. வேலை எங்கயும் ஓடிப் போயிடாது."

அந்தப் பேச்சை நான்தான் அவளிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவரை நம்பிச் சொன்னேன். அவள் என்னை நம்பி வீட்டில் இருந்தாள். அவளைப் போலவே எல்.எல்.ஆர். போட்ட இன்னும் சில பெண்களும் அப்படியே வீட்டில் இருந்தார்கள்.

எட்டு

டெஸ்ட் நாளன்று நானும் மாமனும் கூடப் போனோம். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். அவளுக்கு முன்னால் போன பையன்கள் பெரிய பைக்கில் வந்தவர்கள். இரண்டு பேர் வளைவில் கால் ஊன்றினார்கள். செல்வராணி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். இரண்டு சுற்றும் கால் தரையில் படவில்லை. திரும்புகிற இடத்தில் கை காட்டவும் மறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, "அடுத்தது" என்றார். பாஸானவர்களிடம் அவர் வேறு ஒன்றும் சொல்வதில்லை.

லைசென்ஸ் தபாலில் வந்தது. பேச்சியம்மாள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "போட்டோல கறுத்துத் தெரியிறா" என்றார். வேறு குறை சொல்ல அவருக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் தனியாக ஸ்கூட்டியில் வந்தாள். நான் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டேன். லைசென்ஸைக் காட்டச் சொல்லி, வேண்டுமென்றே எல்லார் முன்னாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, "போ ஆத்தா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சங்கு ஊதி மெஷின் சத்தம் எழுந்த கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பேர எடுத்துட்டாகண்ணே. சொல்லாம லீவு போட்டேன்னு சொல்றாக. ட்ரெய்னிங் முடிக்கலையாம். இப்ப ஆள் தேவையில்லையாம்."

எட்டரைக்கு எச்.ஆர். வந்ததும் நான் கேட்டை விட்டுவிட்டு அவர் ரூமுக்குப் போனேன். அப்படிப் போகக் கூடாது. போனேன்.

"நீங்கதான சார் லைசென்ஸ் எடுத்துட்டு வரச் சொன்னீக?"

"சொன்னேன். வேலை தர்றேன்னு எழுதிக் குடுத்தேனுங்களா?"

"பிள்ளை ஒரு மாசமா உங்க பேச்சக் கேட்டு வீட்ல இருந்திருக்கு சார்."

"பெருமாள், நீங்க ரிட்டயர் ஆகப் போறவரு. கேட்டுக்குப் போங்க."

அந்த வாரம் லாரியில் இரும்புக் கட்டில்கள் வந்தன, ஒன்றன் மேல் ஒன்றாக. கேட்டில் நின்று எண்ணி உள்ளே விட்டவன் நான்தான். பழைய பஞ்சு குடோனை ஹாஸ்டல் ஆக்கியிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒடிசாவிலிருந்து பெண்கள் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு ஒரு பை. செல்வராணி வயதுதான் எல்லாருக்கும். சிலருக்கு அதைவிடக் கம்மியாகத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும், பாஸ் எழுதிக் கொடுத்தால் வெளியே போய்வரலாம். ஆள் வராத ஷிப்டுக்கு அவர்களை எந்நேரமும் எழுப்பிக்கொள்ளலாம். அவர்களிடம் நான் லைசென்ஸ் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எங்கேயும் போகப் போவதில்லை.

வேனை ஏன் நிறுத்தினார்கள், போர்டில் அந்த இரண்டாவது வரியை ஏன் பெரிதாக எழுதினார்கள் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஊர்ப் பெண்களை வேலையை விட்டு எடுத்தால் கேள்வி வரும். சட்டத்தைக் காட்டி வீட்டில் உட்காரவைத்தால் வராது. தொடை முறிந்த பையனைப் பார்க்க மில்லிலிருந்து ஒருவரும் போகவில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது.

ஜீப்

சில மாதத்தில் எனக்கும் வேலை முடிந்தது. ஒரு சால்வை போர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு விடிகாலை, பால் வாங்கப் போனபோது மெயின் ரோட்டில் ஒரு ஜீப் நின்றது. கேரளாவில் ஏலக்காய் எடுக்க, கம்பம்மெட்டு மலை வழியாகப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப். உள்ளே கால் வைக்க இடமில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். கிட்டே போனபோதுதான் செல்வராணி என்று தெரிந்தது.

"வண்டி என்னாச்சு ஆத்தா?"

"மாமா வாங்கிட்டுப் போயிட்டாருண்ணே. வேல இல்லாதவளுக்கு வண்டி எதுக்குன்னு."

டிரைவர் சீட்டில் இருந்தவனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. நான் அவன் பக்கம் போனேன்.

"ஏலே, லைசென்ஸ் வச்சிருக்கியா?"

செல்வராணிதான் பதில் சொன்னாள்.

"எல்.எல்.ஆர். போட்டுருக்கான். ஓனரு அது போதும்னுட்டாருண்ணே."

"மலை ரோடு ஆத்தா. இத்தனை பேரு இருக்கீக. எறங்கு."

"எறங்கிட்டு எங்க போக?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது மாதிரிதான் கேட்டாள். உள்ளேயிருந்து வயதான ஒரு பெண், "விடுங்கண்ணே, பிந்திப் போனா கங்காணி திருப்பி அனுப்பிருவாரு" என்றார். ஜீப் கிளம்பிவிட்டது. நான் பால் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

வேலைக்கு வண்டியில் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். லைசென்ஸ் எடுங்கள். பழகுகிற காலத்தில் தனியாக ஓட்டாதீர்கள். இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களைக் காத்திருக்கச் சொல்கிற முதலாளியிடம், அதுவரை வேலை இருக்கும் என்று ஒரு வரி எழுதித் தரக் கேளுங்கள். அவர் எழுதத் தயங்கினால் அன்றைக்கே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.