ஊதுவதற்கு முன் ஆறு மணித்தியாலம்

முதலாம் மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று இராசரத்தினம் சப்பாத்து நாடாவைக் கட்டுவார். பல வருடங்களாக அப்படித்தான். அவிழாத நாடாவை எதற்குக் கட்டுகிறார் என்று அவருடைய மனைவி பவளராணி கேட்டதில்லை. பின்னால் நின்று அவர் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பெப்ரவரியில் இருமல் விடாமல் பிடித்தபோது, டென்மார்க்கின் பிராண்டே ஊரிலுள்ள அவர்களுடைய டாக்டர் வாய்க்குள் அடிக்கும் நீல நிறப் பம்ப் ஒன்றைக் கொடுத்து, குழாயொன்றில் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனைக்கும் நாள் குறித்தார். சோதனைக்கு எப்படி வரவேண்டும் என்ற கடிதம் தொலைபேசித் திரையில் வந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட பவளராணி டேனிஷை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டாள். இறுக்கமான உடுப்பு வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். ஆறு மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே பம்ப் அடிக்க வேண்டாம். மூச்சு முட்டினால் அடிக்கலாம், ஆனால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இராசரத்தினம் அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார். பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கிய பலூன்களை ஊதிப் பழகினார். மார்க் குறைந்தால் தொழிற்சாலையில் தான் ஓட்டும் போர்க்லிப்ட் என்ற பாரந்தூக்கி வண்டியிலிருந்து தன்னை இறக்கிவிடுவார்கள் என்பது அவர் பயம். சோதனையன்று காலை கோட்டும் இடுப்புப் பட்டியுமாக வெளிக்கிட்டார். பட்டியைத் தளர்த்தச் சொன்னாள். ஒரு துளை தளர்த்தினார்.

கிளினிக் வாசலில் காரை நிறுத்தியதும், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு தரம் பம்ப் அடித்தார். அவள் கண்டுவிட்டாள். மூச்சு முட்டினதோ என்று கேட்டாள். இல்லையாம்.

"அடிச்சால் நல்லா ஊதுவன். உனக்கென்ன?"

"நெஞ்சு எப்பிடி இருக்கெண்டுதானே பார்க்கப்போகினம். உங்கட கெட்டித்தனத்தையே?"

"பேசாமல் வா. வழக்கமா அப்பிடித்தானே வாறனீ."

உள்ளே தாதி அவருடைய மூக்குக்கு ஒரு கிளிப் மாட்டப்போனாள். இன்று பம்ப் அடித்தீர்களா என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

முப்பது வருடமாக எந்த அலுவலகத்திலும் கதைப்பது அவர்தான். பவளராணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். இப்போது, வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்து பழகிய டேனிஷில், நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அடிச்சவர். காருக்குள்ளை. பத்து நிமிசத்துக்கு முந்தித்தான்."

தாதி ஏசவில்லை. நிறையப் பேர் இப்படிச் செய்வதுண்டு என்றாள். மருந்து உள்ளே இருக்கும்போது ஊதினால் நெஞ்சின் உண்மையான நிலை தெரியாது. இதில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை, வரும் எண்ணைப் பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிப்போம் என்று விளங்கப்படுத்தி, வியாழக்கிழமைக்கு நாள் மாற்றினாள்.

காருக்குள் ஏறி, சாவியைப் போட்டபடி அவர் சொன்னார்.

"எனக்கு வெக்கமாப் போச்சுது."

"எனக்கும்தான். கால் இன்னும் நடுங்குது."

அவர் காரை எடுத்து, ஹீட்டரின் சூட்டை அவள் கால் பக்கம் திருப்பிவிட்டார்.

வியாழக்கிழமை மருந்தில்லாமல் ஊதினார். எண் குறைவாகத்தான் வந்தது. மருந்து கொடுத்துத் திரும்ப ஊதவைத்தபோது நன்றாக ஏறியது. இப்போது நோய்க்குப் பெயர் தெரியும், ஆஸ்துமா. காலையும் மாலையும் வேறொரு மருந்தை இழுக்கிறார், போர்க்லிப்டும் ஓட்டுகிறார். அடுத்த சோதனை ஒக்ரோபரில்.