அம்மாவுக்குக் கரைத்து ஊற்றாத மண்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். அதற்கு முன்பே ஒருமுறை அம்மாவை நாங்கள் வழியனுப்பப் பார்த்தது சிலருக்குத்தான் தெரியும். மகள் நான் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது புதூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது இடைசெவல். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருக்கையிலேயே அப்பா தவறிவிட்டார். மானாவாரிக் காட்டை ஒற்றையாளாகப் பார்த்து என்னையும் தம்பியையும் ஆளாக்கினார் அம்மா. மழை பொய்த்த வருடங்களிலும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அது ஊரறிந்தது.

மறைவதற்கு இரண்டு வருடம் முன்னால் பருத்திக் காட்டில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. போர்வையை விரலால் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டார்.

“மழ வருதுட்டி. வெடிச்ச பருத்திய எடுக்காம நிக்கியே, யாரு பெத்த புள்ள நீ?”

அழுதேவிட்டேன்.

மண்ணாசைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பெரியப்பா முடிவுகட்டினார். எங்கள் காட்டு மண்ணை வேட்டி முனையில் முடிந்து வந்து, தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றச் சொன்னார். சாகக் கிடப்பவர்களுக்கு நம் பக்கம் செய்வதுதான், பாசத்தில்தான் சொன்னார். தம்பி டம்ளரை எடுத்துவிட்டான். நான் குறுக்கே நின்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற மனக்குழப்பம் இது, பெரும்பாலும் தெளிந்துவிடும், இப்போது எதை ஊற்றினாலும் புரையேறி உயிருக்கே ஆபத்து என்றார். இது யாருக்கு வரும் என்று ரத்தத்தை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்கிறதாம்; உறுதியான பரிசோதனை இன்னும் வரவில்லையாம். அம்மாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிடுங்கள், தெரிந்த குரல் காதில் விழட்டும் என்றார். பெரியப்பா கட்டிலருகே உட்கார்ந்து ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தார்.

சில நாள் கழித்து, பேசிக்கொண்டிருந்த பெரியப்பாவை அம்மா உற்றுப் பார்த்தார். சட்டென்று போர்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். கணவரின் அண்ணன் முன்னால் அம்மா என்றைக்கும் அப்படித்தான். புத்தி தெளிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

நடந்ததைச் சொன்னபோது சிரித்தார். “உங்க பெரியப்பாவுக்கு என்னட்டி அம்புட்டு அவசரம்?” அந்த ஆராய்ச்சிக்கு ரத்தம் தர முடியுமா என்று டாக்டரம்மா கேட்டதும் தானே கையை நீட்டினார்.

போன வருடம் வீட்டிலேயே, எங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சுவலியில் அம்மா போனார். தோள் கொடுத்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், டாக்டரம்மாவுக்கும், தொண்டை கட்டும்வரை பேசிய பெரியப்பாவுக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு மாறிப் பேசினால் விடைகொடுக்க அவசரப்படாதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அப்படித்தான் இன்னும் இரண்டு வெள்ளாமைக்கு எங்களுக்கு அம்மா இருந்தார்.