பிரிக்கிற ஆள்

அரசப்பன் கற்றுக்கொண்டது தொழிற்சாலைக் கூரை கட்டும் வேலை. கையில் வேலையில்லாத ஒரு வருடம், கும்மிடிப்பூண்டியில் மூடிக்கிடந்த இரும்பாலை ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அதோடு முடிந்தது அவர் கதை.

"நீ பிரிக்கிற ஆளுப்பா. கட்றதுக்கு வேற ஆளுங்க கீறாங்க" என்று எல்லா கேட்டிலும் ஒரே பாட்டு. தான் கட்டிய கூரைகளின் போட்டோவை நீட்டினாலும் ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

போகப் போக, அவர் தலை தெரிந்தாலே கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று தொழிலாளர்கள் கூடிவிடுவார்கள். கவரைப்பேட்டையில் டீ குடிக்க நின்றவரின் சட்டையைப் பிடித்தார்கள். அதிலிருந்து மேனேஜர்கள் அவரை ஞாயிற்றுக்கிழமையில், பின்வாசல் வழியாகத்தான் வரச் சொன்னார்கள்.

போன ஞாயிறு கூப்பிட்டது மகன் பரத் வேலை பார்க்கும் கம்பெனி. மேனேஜருக்கு அது தெரியாது. அரசப்பன் கூரையை அளந்தார்.

"ஆளுங்களுக்கு சொல்லிட்டீங்களா சார்?"

"மூச்சு விட்டுடாத. விஷயம் வெளிய போச்சுன்னா இந்த வேலையும் உனக்கு இல்ல."

வீட்டில் பரத் மறுநாள் ஷிப்டுக்கு யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க நைனா போயிருந்த?"

"ஒரு கம்பெனில கூரை போடணுமாம். பாக்க கூப்ட்டாங்க."

"கட்ற வேலையா?" இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான் பரத்.