எஸ்தர் அக்காவின் பிறந்த தேதி

ஞாயிற்றுக்கிழமை காலை, புனேயின் கோந்த்வா பகுதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது எஸ்தர் அக்காவின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா கர்த்தர்கிட்ட போயிட்டாவ," என்றார். பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கண் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் சிறிய கம்பெனியில் பல வருடங்கள் பக்கத்து மேசை அவருடையது. பேச்சு குறைவு. என் நிரலைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், அழித்துவிடுவேன்.

ஒருமுறை, போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கண்புரை அறுவைக்குப் போய், எங்கள் மென்பொருள் அவர் பிறந்த தேதியை ஏற்காததால் பெயர் பதிவாகாமல் திரும்பினார். சி என்ற நிரல் மொழியில் தேதியை நொடிகளாக மாற்றும் ஃபங்ஷன் 1970-லிருந்து எண்ணத் தொடங்கும். அதற்கு முந்தைய தேதிகளை எங்கள் கணினியில் இருந்த லினக்ஸ் இயங்குதளம் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனையில் இருந்த வேறு இயங்குதளம் பிழை என்று கைவிரித்தது. நாங்கள் எங்கள் கணினியில் மட்டும் சோதித்து அனுப்பியிருந்தோம்.

1970-க்கு முன்னால் பிறந்த எல்லோருக்கும் 1970 ஜனவரி ஒன்று என்று போடச் சொன்னார் மானேஜர். அதுவும் பிழை என்றே வந்தது. புனேயில் அந்தத் தேதி பிறந்தபோது, கணினி எண்ணும் லண்டன் நேரத்தில் 1969 இன்னும் முடிந்திருக்கவில்லை. அப்படியானால் ஜனவரி இரண்டு என்றார். அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வயசப் பாத்துத்தானே மருந்து குடுக்காவ? எழுவத்தஞ்சு வயசுக்காரர அம்பதாக்கி மேசையில படுக்கப் போடுவியளா?"

பிறந்த தேதியை நொடியாக்காமல் நாள், மாதம், ஆண்டாகவே வைத்து வயதைக் கணக்கிடும்படி மாற்றி எழுதினார். இரண்டு இயங்குதளங்களிலும் ஓட்டிப் பார்த்த பிறகே சாப்பிடப் போனார். "அவரு தேதி சரியாத்தான் இருக்கு. நம்ம கேட்டதுதான் சரியில்ல," என்றார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பார்க்கப் போனபோது, தான் பிறந்ததில் என்ன தப்பு என்று பெரியவர் மராத்தியில் கேட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் அறுபத்தொன்பதில் பிறந்தவள்தான், அந்தக் கணினி தன்னையும் திருப்பி அனுப்பியிருக்கும் என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். அதுவரை அக்காவின் வயதை நான் கேட்டதில்லை.

நேற்று அடக்கம். கல்லறைச் சிலுவையில் எழுத வந்தவர், இடம் குறைவு, காலமான தேதி மட்டும் போதுமா என்று கேட்டார். தம்பி அழுதுகொண்டிருந்ததால் நான்தான் பதில் சொன்னேன். பிறந்த தேதியை முதலில் எழுதச் சொன்னேன், ஆண்டோடு சேர்த்து. அவர் எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.

போய் வாருங்கள், அக்கா.