மூச்சுப் பிடிக்கும் மாமா

மாமா மன்னார்க் கடலில் வளர்ந்தவர். கனடாவில் மொன்றியலுக்கு வந்து ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினாலும் தன்னைக் கடல்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார். அம்மாவின் ஒரே தம்பி. என்னை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனால் தண்ணீருக்குள் அமிழ்ந்து மூச்சுப் பிடிப்பார். நான் பிரெஞ்சில் எண்ணுவேன். எனக்கு அழுகை எட்டிப் பார்க்கும் நேரத்தில் முதுகுக்குப் பின்னாலிருந்து எழும்பிச் சிரிப்பார். எத்தனை முறை ஏமாந்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

எனக்கு ஆறு வயதான வசந்தத்தில் அவர் ஒரு பழைய பாய்ப்படகு வாங்கினார். ஊர் வழக்கப்படி அதற்கு மாலை போட்டு, அம்மா தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்ன பிறகுதான் நகரத்தின் ஓரத்தில் லஷீன் என்ற இடத்து ஏரியில் இறக்கினோம். உறைபனி உருகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆனால் வெயில் நன்றாக எறித்ததால் மாமா அரைக்கைச் சட்டையோடு நின்றார். தண்ணீரில் விரல் வைத்துவிட்டு நான்தான் கையை உதறிக்கொண்டிருந்தேன்.

அப்பாவோ யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நம்பாதவர். லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பூசணிக்காய் மாதிரி இருக்கிறார் என்று அம்மாகூடச் சிரித்தார். மாமா தன்னுடையதை மடித்துப் படகில் போட்டு, அதன்மேல் வசதியாக உட்கார்ந்தார்.

“எனக்கு உது மெத்தைக்குத்தான் சரி, அத்தான். நான் கடலிலை கிடந்து வளந்தவன்.”

அவர்கள் இருவரும் மட்டும் படகில் போனார்கள்; அம்மாவும் நானும் கரையில் நின்றோம். மரங்கள் மறைத்த வளைவுக்கு அப்பால், எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் படகு கவிழ்ந்தது. மெத்தை மிதந்து போய்விட்டது. நீந்தத் தெரியாத அப்பா படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமா கொஞ்சமும் பயப்படவில்லையாம். ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுக் கரையை நோக்கி நீந்தினாராம். மன்னாரில் எந்த ஆண்மகனும் அதைத்தான் செய்திருப்பான். இந்தக் குளிர்ந்த தண்ணீரில் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனுக்கும் சில நிமிடங்களில் கைகால் வழங்காது, கவிழ்ந்த படகை விடவே கூடாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் அப்பாவுக்காகத்தான் நீந்தினார்.

யாரோ ஒருவருடைய மோட்டார்ப் படகு அப்பாவைக் கரைக்குக் கொண்டுவந்தது. கம்பளிக்குள் நடுங்கியபடி அவர் அம்மாவிடம் முதலில் கேட்டது இதுதான்:

“தம்பி வந்திட்டானோ?”

அம்மா புல்லில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் எல்லோரும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தண்ணீருக்குள் இருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. நான் கரையோரம் போய் நின்று பிரெஞ்சில் எண்ணத் தொடங்கினேன். எனக்கு நூறுவரைதான் தெரியும். முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். மாமா இவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்ததே இல்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. இடையிடையே பின்னால் திரும்பியும் பார்த்துக்கொண்டேன்.